நாய்க்குட்டியைக் கடைத் தீவனத்திலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தொடங்கி ராயபுரம், திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வழியாக அத்திப்பட்டு, மீஞ்சூர் வரைக்கும் நாய் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. படகுக்கும் வலைக்கும் காவல், கிடங்குக்குக் காவல், வடக்கே போகப் போக ஆட்டுப்பட்டிக்கும் நெற்களத்துக்கும் காவல். முன்பெல்லாம் குட்டி எங்கிருந்தோ வந்து வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது விலை கொடுத்து வாங்குகிறோம். குட்டியோடு ஒரு பை கடைத் தீவனமும் வருகிறது. இரண்டு பை தீர்ந்ததும் செலவு கையைக் கடிக்கிறது. அல்லது குட்டி அதை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. "இனிமேல் நாம் சாப்பிடுவதையே போடுவோம்" என்று முடிவு செய்கிறார்கள்.

முடிவில் தவறில்லை. மாற்றும் முறையில்தான் தவறு நடக்கிறது. ஆடு வளர்ப்புப் பயிற்சிக்கு வருகிறவர்கள்கூடக் கடைசியில் என்னிடம் நாய்க்குட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லாத்தான் சாப்பிடுது, கறியும் சோறும் போடுறோம், ஆனா முன்னங்கால் வளையுது, நடக்க மாட்டேங்குது, ஏன்?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறியும் சோறும் மட்டும் தின்னும் குட்டிக்கு எலும்புக்கு வேண்டிய சத்து கிடைப்பதில்லை.

கறி போட்டும் கால் ஏன் வளைகிறது?

எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 10 மில்லிகிராம்தான். மணிச்சத்தோ 180 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மண்ணுக்குப் போடும் மணிச்சத்து உங்களுக்குப் பழக்கமான பெயர், உடம்பில் இருப்பதும் அதுதான். நாயின் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து மணிச்சத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். கறியில் அது தலைகீழ். சோற்றிலும் அப்படியே.

சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு இறங்கப் பார்க்கும். இதயமும் தசையும் இயங்க அது வேண்டும் என்பதால் உடம்பு இறங்க விடாது. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். வளர்ந்த நாய்க்கு எலும்பில் இருப்பு உண்டு, பல மாதம் தாங்கும். குட்டிக்கு எலும்பே இப்போதுதான் கட்டப்படுகிறது. கட்டடம் எழும்பும்போதே அடிச்சுவரிலிருந்து செங்கல்லை உருவுவது போல. சில வாரங்களில் முன்னங்கால் வளையும், பாதம் தட்டையாகப் பரவும், தூக்கினால் கத்தும், படியிலிருந்து குதித்தாலே எலும்பு விரிசல் விடும். முற்றினால் தாடை எலும்பு மெத்தென்று ஆகிவிடும். இந்தக் குட்டிகள் மெலிந்து இருக்காது, கொழுகொழுவென்றுதான் இருக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

"வெயிலில் விட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். மனிதனுக்கும் மாட்டுக்கும் வெயிலில் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. நாயின் தோலில் அது போதுமான அளவு உண்டாவதில்லை. நாள் முழுக்க மணலில் படுத்தாலும் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். முட்டை மஞ்சள் கரு, கொழுப்புள்ள கடல் மீன், கொஞ்சம் ஈரல், இவற்றில் கிடைக்கும்.

"எங்கள் தாத்தா காலத்தில் கம்பங்கூழ் குடித்து வளரவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. வளர்ந்தன. சிப்பிப்பாறையும் கன்னியும் கூழ் குடித்த நாய்கள்தான். ஆனால் அவை முயலையும் எலியையும் பிடித்து எலும்போடு தின்றன. இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். குட்டியோ காம்பவுண்டுக்குள் சங்கிலியில் இருக்கிறது. அதோடு அந்தக் காலத்தில் ஒரு ஈற்றில் எத்தனை குட்டி செத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, பிழைத்ததை மட்டும்தான் நாம் பார்த்தோம்.

எந்த வயதில் மாற்றலாம்?

என் கருத்து இது: ஆறு மாதம் ஆகாத குட்டியை முழுவதும் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்ற அவசரப்பட வேண்டாம். பாதி கடைத் தீவனம், பாதி வீட்டுச் சாப்பாடு என்று ஓட்டுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது என்று சிலர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. குட்டிகளுக்கென்று தயாரித்த நல்ல தீவனத்தில் தாது உப்பும் வைட்டமினும் அளவாகச் சேர்த்திருக்கும். பாதியாவது அது உள்ளே போனால் நீங்கள் கணக்குத் தவறினாலும் குட்டி தாங்கும். ராஜபாளையம், லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய உடம்பு நாய்களுக்கு இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். அவை வேகமாக வளர்கின்றன, தவறு அதே வேகத்தில் வெளியே தெரியும்.

தடுப்பூசி போட்ட வாரம், குடற்புழு மருந்து கொடுத்த வாரம், குட்டி புது வீட்டுக்கு வந்த முதல் வாரம், இந்த நாட்களில் சாப்பாட்டை மாற்றாதீர்கள். வயிறு கலங்கினால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

மாற்றத்துக்குப் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் நான்கில் ஒரு பங்கு வீட்டுச் சாப்பாடு, மீதி பழைய தீவனம். அடுத்த மூன்று நாள் பாதிப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் முக்கால் பங்கு வீட்டுச் சாப்பாடு. பத்தாம் நாள் முழுவதும். மலம் இளகினால் அந்தப் படியிலேயே இரண்டு மூன்று நாள் நில்லுங்கள், அல்லது ஒரு படி பின்னால் போங்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதுச் சாப்பாட்டுக்குப் பழக அந்த அவகாசம் வேண்டும். மாட்டுக்குப் பசுந்தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் வயிறு உப்புவதைப் பார்த்திருக்கிறீர்கள், அதே சங்கதிதான்.

ஒன்றை மட்டும் இளகிய மலத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வாந்தி, இரத்தம் கலந்த நாற்றமடிக்கும் கழிச்சல், தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு கிடப்பது, இவை சேர்ந்து வந்தால் அது சாப்பாட்டு மாற்றம் அல்ல. பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். "புதுச் சாப்பாடு ஒத்துக்கல, நாளைக்குச் சரியாகும்" என்று ஒரு நாள் காத்திருந்தால் நீர்ச்சத்து வற்றியே குட்டி இறந்துவிடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

ஐந்து மாதமான, 8 கிலோ எடையுள்ள குட்டியை எடுத்துக்கொள்வோம். ஓடியாடும் குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 கிலோ கலோரி வேண்டும். கடைத் தீவனமாக இருந்தால் 190 கிராம் அளவில் இது கிடைத்துவிடும். வீட்டுச் சாப்பாட்டில் அதே சக்திக்கு அரை கிலோவுக்கு மேல் போட வேண்டியிருக்கும். கடைத் தீவனத்தில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான், சமைத்ததில் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஆகவே கிண்ணம் நிறைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் கொஞ்சமாகக் குடித்தாலும் கவலைப்பட வேண்டாம்.

அந்த 8 கிலோ குட்டிக்கு ஒரு நாள் கணக்கு: எலும்பில்லாத கோழிக்கறி 200 கிராம், அவித்த முட்டை ஒன்று, கோழி ஈரல் 20 கிராம், வடித்த சோறு 200 கிராம், பூசணி, கேரட், பீன்ஸ் இவற்றில் ஏதாவது 60 கிராம் குழைய வேகவைத்தது, எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, அயோடின் கலந்த உப்பு ஒரு சிட்டிகை. கறி எடை வேகவைப்பதற்கு முன் எடுத்தது. சுமார் 70 கிராம் அரிசி வடித்தால் 200 கிராம் சோறு வரும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றோடு பிசைந்துவிடுங்கள். மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். உப்பே ஆகாது என்று சொல்வது சரியல்ல, ஒரு சிட்டிகை அவசியம்.

சோறும் கறியும் ஏறக்குறைய சம எடை என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தட்டுச் சோறும் நாலு துண்டு கறியும்தான் போடுகிறோம். வளரும் குட்டிக்கு அந்தப் புரதம் போதாது.

இந்தக் கணக்கில் புரதம் போதும், கொழுப்பு போதும். ஆனால் சுண்ணாம்புச் சத்து மொத்தமே 100 மில்லிகிராம் அளவில்தான் நிற்கும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கம் வைத்துள்ள அளவுப்படி வளரும் குட்டிக்கு 1,000 கிலோ கலோரிக்குக் குறைந்தது 3 கிராம் சுண்ணாம்புச் சத்தும் 2.5 கிராம் மணிச்சத்தும் வேண்டும். நம் குட்டியின் 700 கலோரிக்கு அது முறையே 2.1 கிராம், 1.75 கிராம். அதாவது மேலே சொன்ன நல்ல சாப்பாட்டிலேயே தேவையான சுண்ணாம்புச் சத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கிறது. மணிச்சத்திலும் பாதிக்கு மேல் துண்டு விழுகிறது.

முட்டை ஓட்டுத் தூள் பலருக்கும் தெரிந்த வழி. ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, வாணலியில் வறுத்து, மிக்சியில் மாவாக அரைக்க வேண்டும். கொரகொரப்பாக இருக்கக் கூடாது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம், அதில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து. வளர்ந்த நாய்க்குக் கறியில் உள்ள மணிச்சத்தே போதும் என்பதால் இது ஒன்றே ஓரளவு சரிக்கட்டும். குட்டிக்குப் போதாது. முட்டை ஓட்டில் மணிச்சத்து கிட்டத்தட்ட இல்லை. குட்டிக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும்.

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு டைகால்சியம் பாஸ்பேட் பழக்கம். தீவனத் தரத்தில் வரும் டி.சி.பி.யில் சுண்ணாம்புச் சத்து சுமார் 23 சதவீதம், மணிச்சத்து சுமார் 18 சதவீதம். மேலே சொன்ன ஒரு நாள் சாப்பாட்டுக்கு 6 கிராம் டி.சி.பி.யும், கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக முட்டை ஓட்டுத் தூளும் சேர்த்தால் கணக்கு நேராகும். கண்ணளவில் போடாமல் சிறிய மின்னணுத் தராசில் நிறுத்துப் போடுங்கள். உரக்கடையில் விற்கும் பாறை பாஸ்பேட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதில் ஃபுளோரின் அதிகம். மாட்டுக்கு வைத்திருக்கும் தாது உப்புக் கலவையையும் குத்துமதிப்பாக அள்ளிப் போடாதீர்கள், அதன் அளவுகள் மாட்டுக்கு வகுத்தவை. துத்தநாகம், செம்பு, வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவையும் வீட்டுச் சாப்பாட்டில் குறையும். இதற்கென்று நாய்களுக்கான துணைச்சத்துகள் இருக்கின்றன. குட்டியின் எடையைச் சொல்லி, என்ன சமைக்கிறீர்கள் என்பதையும் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கடைத் தீவனம் முழுசாகப் போய்க்கொண்டிருக்கும்போதே "எலும்பு பலமாகட்டும்" என்று சுண்ணாம்புச் சத்து மருந்தையும் ஊற்றுகிறார்கள். இளங்குட்டியின் குடலுக்கு அதிகப்படியானதைத் தடுக்கத் தெரியாது, வருவதையெல்லாம் உள்ளே வாங்கிவிடும். பெரிய இனக் குட்டிகளில் இதனால் மூட்டும் எலும்பும் கோணலாக வளரும். ஆகவே மாற்றம் நடக்கும் பத்து நாளிலும் வீட்டுச் சாப்பாடு கால் பங்காக இருந்தால் துணைச்சத்தும் கால் பங்கு, பாதியாக இருந்தால் பாதி. பாதிப் பாதியாகவே தொடர்கிறவர்களுக்கும் இதே கணக்கு.

காசிமேட்டு மீனை எப்படிக் கொடுப்பது?

வடசென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி சிறு மீன்தான். மத்தியும் நெத்திலியும் முள்ளோடு சேர்ந்து மசியும். தலையையும் குடலையும் எடுத்துவிட்டு, குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்து, விரலால் நசுக்கினால் முள் மாவாகும் வரை விட வேண்டும். முள் மசிந்த மத்தி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 380 மில்லிகிராம், மணிச்சத்து சுமார் 490 மில்லிகிராம். கோழிக்கறியின் 10 மில்லிகிராமை நினைத்துப் பாருங்கள். வைட்டமின் டியும் இதில் வந்துவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் கறிக்குப் பதிலாக இதைப் போடலாம். மத்தி நெய் வைத்திருக்கும் பருவத்தில் எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. அப்போதும் துணைச்சத்து முழுவதும் தேவைப்படாமல் போகாது, அளவு குறையும், அவ்வளவுதான்.

பச்சையாகப் போடக் கூடாது. நெத்திலி, மத்தி உட்படச் சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தொடர்ந்து பச்சை மீன் தின்னும் நாய் தள்ளாடும், வலிப்புகூட வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

ஆனால் வேகவைத்தாலும் தீராத இரண்டு ஆபத்துகளை இந்தக் கரையில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, வெயிலில் கிடந்த மீன். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி ஆகியவை பனிக்கட்டி இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. தின்ற நாய்க்கு வாந்தியும் கழிச்சலும் வரும். ஏலம் முடிந்து மதியம் வரை கிடந்த கழிவு மீன் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். இரண்டாவது, பேத்தை மீன். வலையில் தானாக மாட்டி, வேண்டாமென்று கரையில் எறியப்படும். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு சில மணி நேரத்தில் மூச்சை நிறுத்திவிடும், மாற்று மருந்து கிடையாது. குட்டியைக் கரைக்கு அழைத்துப் போனால் கயிற்றில்தான் அழைத்துப் போக வேண்டும். கெளுத்தி முள், தூண்டில் முள், நைலான் நரம்புத் துண்டு, இவற்றுக்கும் அதே கயிறுதான் காவல்.

மீன் எங்கே பிடித்தது என்பதும் முக்கியம். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் பல ஆண்டுகளாகக் கலந்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துக்குள் இறங்கியது. சேற்றை வடிகட்டித் தின்னும் மட்டியும் சிப்பியும் உலோகங்களை உடம்பில் சேர்த்துக்கொள்ளும் தன்மை உடையவை. மனிதர் வாரம் ஒருமுறை சாப்பிடுவதை நாய் தினமும் சாப்பிடுகிறது, அதுவும் 8 கிலோ உடம்பில். ஆகவே நாய்க்குத் தினசரிச் சாப்பாடாகக் கழிமுகத்து மட்டி, சிப்பி, சேற்று மீன் வேண்டாம் என்பேன். ஆழக்கடலில் பிடித்த சிறு மீன் பரவாயில்லை. பெரிய சுறாவைவிடச் சிறு மீனில் பாதரசம் குறைவாகவே சேரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாது, மத்தி விலை ஏறும், பழைய மீன் புழங்கும். அந்த இரண்டு மாதமும் முட்டைக்கும் கோழிக்கும் மாறிக்கொள்ளுங்கள், ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக. மீன் குறைந்தால் துணைச்சத்து பழைய அளவுக்கு ஏற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கருவாடு இதற்கு மாற்று அல்ல, அதில் உப்பு மிக அதிகம்.

போடக் கூடாதவை

வெங்காயமும் பூண்டும் முதலில். பச்சையாக இருந்தாலும் சமைத்திருந்தாலும் அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பிரியாணி மிச்சம், குழம்பு, சால்னா எல்லாவற்றிலும் இவை உண்டு. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் கிடப்பதும் சேர்த்துத்தான். சாக்லேட்டும் ஆகாது. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். கழுத்தும் காலும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் குக்கரில் எலும்பு மசியும் வரை வேகவைத்துப் போடலாம், அரைகுறையாக வேகவைத்தால் கூடாது.

டீக்கடைப் பொறையும் பால் பிஸ்கட்டும் விஷமல்ல. ஆனால் அவற்றால் வயிறு நிறைந்த குட்டி சாப்பாட்டை ஒதுக்கும். அதைப் பார்த்து "வீட்டுச் சாப்பாடு பிடிக்கல" என்று முடிவு கட்டுகிறோம். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலைத் தரும், தயிர் ஒரு கரண்டி தாங்கும்.

ஆடு வளர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டை அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கொப்புளம் இருந்தால் அதை நாய்க்கு வீசுவது நம் வழக்கம். அந்தக் கொப்புளம் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். நாயின் குடலில் அது புழுவாகி, மலத்தில் முட்டையாக வெளியேறி, ஆட்டுக்கும் திரும்பும், குழந்தைகளுக்கும் வரும். ஆட்டின் மூளையைப் பச்சையாகத் தின்னும் நாயால்தான், ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும் நோயும் மந்தையில் பரவுகிறது. கொப்புளம் உள்ளதைப் புதைத்துவிடுங்கள். நல்லதையும் நன்றாக வேகவைத்தே போடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை குடற்புழு நீக்கம் செய்வது குட்டிக்காக மட்டும் அல்ல.

பூஞ்சணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1974-இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். அதையே தின்ற வீட்டு நாய்களும் அதே நோயில் செத்தன. காரணம் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு. சமைத்தாலும் அது முழுதாகப் போகாது. நாயின் ஈரல் இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும். மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய கடலைப் பிண்ணாக்கு, கறுத்த நிலக்கடலை, வண்டு விழுந்த மக்காச்சோளக் குருணை, இவை நாய்க்கும் ஆகாது.

கடைத் தீவனமும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவிலேயே 2005-இலும் 2020-இலும் பை தீவனத்தில் இந்த நஞ்சு கலந்து நாய்கள் இறந்திருக்கின்றன. கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் திறந்த மூட்டையிலிருந்து சில்லறையாக அள்ளித் தரும் தீவனத்தை வாங்காதீர்கள். பிரிக்காத சிறிய பையாக வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குட்டி தீவனத்தை ஒதுக்குவதற்குப் பல நேரம் காரணம் எண்ணெய் சிக்குப் பிடித்த வாடைதான். புதுப் பை ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்தாலே சாப்பாட்டை மாற்றும் யோசனை சில வீடுகளில் தேவையில்லாமல் போகிறது.

செலவும் நேரமும்

வீட்டுச் சாப்பாடு மலிவு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. சோறு மட்டும் போட்டால் மலிவு. சரியாகப் போட்டால் கறி, முட்டை, துணைச்சத்து, எரிவாயு எல்லாம் சேர்ந்து நடுத்தரக் கடைத் தீவனத்தின் விலையை எட்டிவிடும். காசிமேட்டிலோ பழவேற்காட்டிலோ மொத்தமாக மத்தி வாங்கக் கூடியவர்களுக்கும், வீட்டில் நாட்டுக்கோழி முட்டை உள்ளவர்களுக்கும் கணக்கு கைகொடுக்கும். மற்றவர்கள் 190 கிராம் தீவனத்தின் விலையையும் மேலே சொன்ன ஒரு நாள் சாப்பாட்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாமான் வாங்கப் பணம் இல்லாத வாரத்தில் சோற்றைக் கூட்டிக் கறியைக் குறைப்பதைவிட, அந்த வாரம் கடைத் தீவனத்தின் பங்கைக் கூட்டுவது குட்டிக்கு நல்லது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சமைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். வெளியே வைத்த சோறு சென்னை வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். கிண்ணத்தில் அரை மணி நேரம் மீந்ததை எடுத்துவிடுங்கள், எலி வருவதும் குறையும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா நோய் வெள்ளம் தேங்கும் இந்தப் பகுதிகளில் நாய்க்கும் மனிதருக்கும் வருவது. ஆறு மாதம் வரை நாளுக்கு மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை போதும்.

வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், குட்டியை நிறுத்துப் பாருங்கள். மீன் கடைத் தராசே போதும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. எடை ஏற ஏற அளவையும் ஏற்றுங்கள். முன்னங்கால் மணிக்கட்டில் வளைவு, பாதம் பரவுதல், எழுந்திருக்கத் தயக்கம், தொட்டால் வலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். தொடக்கத்திலேயே சாப்பாட்டைச் சரிசெய்தால் பெரும்பாலான குட்டிகள் நேராகிவிடும். எலும்பு முறிந்த பின் அது நீண்ட வைத்தியம். அதுவரை மாடிப்படி, குதித்தல், மற்ற நாய்களோடு புரளுதல் கூடாது.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். எக்ஸ்ரே தேவைப்பட்டால், 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகம் வேப்பேரியில் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து பக்கம்தான், மீஞ்சூரிலிருந்து வருபவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். போகும்போது கடந்த ஒரு வாரமாக என்னென்ன, எத்தனை கிராம் போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தீவனப் பையையும் துணைச்சத்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.